வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை: பினாங்கில் குடும்ப வழக்குக்கு எந்தக் கதவைத் தட்டுவது

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, தீவில் இறங்கி, லைட் ஸ்திரீட் உயர்நீதிமன்றம் வரை நடந்தே வந்து "டிவோர்ஸுக்கு எந்தக் கவுண்டர்?" என்று கேட்கும் பெண்கள் உண்டு. அவர்களிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்தால், பலருக்கு அன்றைக்கு வேண்டியது விவாகரத்தே இல்லை. ஒருத்திக்குப் பிள்ளைக்குப் பால் மாவு வாங்கக் காசு வேண்டும். இன்னொருத்திக்கு ராத்திரியில் கதவை உதைக்கிறவர் வராமல் இருந்தால் போதும். மூன்றாமவருக்குத்தான் உண்மையிலேயே கல்யாணம் முடிவுக்கு வரவேண்டும். மூன்றும் வேறு வேறு வேலை. போகும் இடமும் ஆகும் செலவும் வேறு.

"லாயர் ஐயாயிரம் கேட்கிறார், காசு சேர்ந்ததும் பார்க்கலாம்" என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதால்தான். மூட்டையைப் பிரித்தால் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் வக்கீலே தேவைப்படாது.

பிள்ளைச் செலவுக்கு விவாகரத்து வரை காத்திருக்க வேண்டாம்

மலேசியாவில் 1950ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 263ஆம் சட்டம் என்றால் கவுண்டரில் புரிந்துகொள்வார்கள். கணவர் மனைவிக்கோ பிள்ளைக்கோ செலவுக்குக் கொடுக்க மறுத்தால், விவாகரத்து கேட்காமலேயே மாதத்தொகை கேட்டு மனுப்போட இது வழி செய்கிறது. உயர்நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. தீவில் அல்லாமல் பெருநிலத்தில் இருப்பவர்கள் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் கீழ்நிலை நீதிமன்றங்களில் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் விவாகரத்து மனு நிற்பது கடினம். ஆனால் பிள்ளைச் செலவு அதனால் போய்விடாது. சட்டப்படி பதிவாகாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் மேல் இதே சட்டத்தில் கேட்கலாம். அவர்தான் தகப்பன் என்று காட்டப் பிறப்புப் பத்திரத்தில் பெயர் இருந்தால் வேலை சுலபம். அம்மா பாட்டி காலத்துக் கல்யாணம் வேறு கணக்கு: 1982 மார்ச் 1க்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் பதிவானதாகவே எடுத்துக்கொள்கிறது.

மனு தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, கணக்கு இல்லாததால். "மாசம் ஆயிரத்து ஐந்நூறு வேணும் ஐயா" என்று வாயால் சொன்னால் எதிர்ப்பக்கம் "எதுக்கு?" என்று ஒரே கேள்வியில் பாதியாக்கிவிடும். ஒரு தாளில் எழுதுங்கள். ஆரம்பப்பள்ளியில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இப்படி: பள்ளி பஸ் 90 வெள்ளி (ரிங்கிட்), கேன்டீன் காசு ஒரு நாளைக்கு 5 வீதம் 20 நாளுக்கு 100, டியூஷன் 120, பால் மாவும் பேம்பர்ஸும் 180, வீட்டுச் சாப்பாட்டில் பிள்ளைகள் பங்கு 300, வாடகையில் பங்கு 250, மருந்து துணிமணி 60. மொத்தம் 1,100. ஒவ்வொரு வரிக்கும் ரசீது இருக்க வேண்டும். பஸ்காரர் ரசீது தரமாட்டார் என்றால் அவருக்குப் பணம் அனுப்பிய பேங்க் பதிவைக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் அவர் "மாசம் 90" என்று போட்ட செய்தியும் உதவும். மூன்று மாதத்துக்கு இப்படிச் சேர்த்தால் கணக்கு தானாகப் பேசும். பள்ளி திறக்கும் ஜனவரிச் செலவு மாதக் கணக்கில் வராது என்பதால் அதைத் தனி வரியாகக் கேளுங்கள்.

அடுத்தது அவர் வருமானம். நீதிமன்றம் உங்கள் தேவையை மட்டுமல்ல, அவரால் எவ்வளவு முடியும் என்பதையும் பார்க்கும். சம்பளச் சீட்டு உங்கள் கையில் இருக்காது. கம்பெனிப் பெயர், வேலை, கார் அல்லது மோட்டார் எண், பழைய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, கார் லோன் கடிதம், முன்பு உங்கள் கணக்குக்கு அவர் போட்டுக்கொண்டிருந்த தொகை ஆகியவை கிடைத்தால் போதும். முதலாளியைச் சம்பள விவரத்தோடு வரச்சொல்லி நீதிமன்றம் அழைப்பாணை அனுப்ப முடியும். அதைக் கேட்க வேண்டியது நீங்கள்.

சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரும்படி முதலாளிக்கு உத்தரவிடவும் வழி உண்டு. தொழிற்சாலை, அரசாங்க வேலை, செக்யூரிட்டி கம்பெனி என்று ஒரு முதலாளி இருந்தால் இதைப்போல உறுதியான வழி வேறில்லை. நாள்கூலிக்கு லாரி ஓட்டுபவர், சொந்தமாக வியாபாரம் செய்பவர் என்றால் பிடிப்பதற்குச் சம்பளமே இருக்காது. அங்கே நிலுவை ஏறஏறத் திரும்பப் போய் அமலாக்க மனு போடுவதுதான் வழி.

அந்த மனுவைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. விவாகரத்து நீதிமன்றம் போட்ட பராமரிப்பு உத்தரவில், மூன்று வருஷத்துக்கு மேல் பழைய நிலுவையை வசூலிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. "எங்கே போகப்போகிறார், ஒருநாள் மொத்தமாகக் கேட்டுக்கலாம்" என்று ஐந்து வருஷம் இருந்தால் இரண்டு வருஷப் பணம் போனது போனதுதான். கையில் ரொக்கமாக வாங்காமல் ஒரே கணக்கில் போடச் சொல்லுங்கள். கொடுத்தார், கொடுக்கவில்லை என்ற சண்டைக்கு அதில் இடமில்லை.

அடி, மிரட்டல் இருந்தால்

இங்கே முதலில் பார்க்க வேண்டியவர் சமூகநல இலாகா அதிகாரி. 2018 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை நடப்பில் இருக்கிறது. இதற்கு நீதிமன்றம் போக வேண்டாம், போலீஸ் ரிப்போர்ட்கூட முன்கூட்டித் தேவையில்லை. சமூகநல அதிகாரியே கொடுப்பார். ஏழு நாள் செல்லும். எந்த நேரத்திலும் 15999 தாலியான் காசே எண்ணில் அழைக்கலாம். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப்பிரிவில் குடும்ப வன்முறை என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். "படியில் விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொன்ன ஒரு வரி பின்னால் வழக்கு முழுவதையும் அரித்துவிடும்.

ஏழு நாளுக்குப் பிறகு என்ன என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இடைக்காலப் பாதுகாப்பு ஆணை போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு. அதற்கு ரிப்போர்ட் வேண்டும், ரிப்போர்ட்டோடு சமூகநல இலாகாவுக்குப் போகும் கடிதமும் வேண்டும். ரிப்போர்ட் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் ஆணை தானாகத் தேடி வராது. விசாரணை அதிகாரியின் பெயரும் எண்ணும் கேட்டு வாங்கிக்கொண்டு, கடிதத்தோடு அன்றைக்கே அல்லது மறுநாளே சமூகநல இலாகா போக வேண்டும். வழக்குத் தொடுத்துவிட்டால் பாதுகாப்பு ஆணை, ஒரு தடவைக்கு 12 மாதம் வரை. நடுவில் மாமியார் அழுதார், அண்ணன் சொன்னார் என்று ரிப்போர்ட்டை மீட்டுக்கொள்ளப் போனால் விசாரணை நின்றுபோகலாம், அதோடு தொங்கிக்கொண்டிருந்த ஆணையும் விழலாம். சமாதானம் பேசுவது உங்கள் விருப்பம். ரிப்போர்ட்டில் கை வைக்குமுன் ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள்.

பினாங்கில் அதற்கு வுமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச் இருக்கிறது. 1985இல் தொடங்கியது, ஆலோசனை இலவசம், நீதிமன்றத்துக்குத் துணைக்கும் வருவார்கள். அவர்கள் உங்கள் வக்கீல் அல்ல. ஆனால் எந்த வரிசையில் எந்தக் காகிதம் என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பாதி வக்கீலுக்குச் சமம். கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதே மாதிரி டபள்யூ.ஏ.ஓ. என்ற பெண்கள் உதவி அமைப்பு. தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் போன் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள்.

விவாகரத்து: சேர்ந்து கேட்பதா, தனியாகக் கேட்பதா

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம், 164ஆம் சட்டம். மனு உயர்நீதிமன்றத்துக்குத்தான் போகும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். செலவு எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் ஒரே ஒரு பிரிவில்தான்: இருவரும் சம்மதித்துச் சேர்ந்து மனுப்போடுகிறீர்களா, அல்லது ஒருவர் மட்டும் மற்றவர்மேல் போடுகிறாரா.

சேர்ந்து போட்டால் தேசியப் பதிவிலாகாவின் திருமண நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரே நாள் விசாரணை. அதனால் எவ்வளவு கோபம் இருந்தாலும் முதலில் இந்த வழி நடக்குமா என்று பார்ப்பதுதான் காசில்லாதவருக்கு நல்லது. நேரில் பேச முடியாவிட்டால் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவான ஜே.பி.ஜி. நடத்தும் சமரசப் பேச்சைக் கேட்கலாம். அந்த இலாகாவைப் பற்றிக் கீழே.

சம்மத மனுவில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாத வரிகள் சில. "நியாயமான நேரத்தில் பிள்ளையைப் பார்க்கலாம்" என்று மொட்டையாக எழுதினால் ஒவ்வொரு தீபாவளிக்கும் சண்டை வரும். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பள்ளி விடுமுறையில் யார் பாதி, யார் கூட்டி வந்து விடுவது என்று எழுத வேண்டும். பராமரிப்புத் தொகைக்கு மாதத்தில் எத்தனாம் தேதி, எந்தக் கணக்கு, மருத்துவச் செலவில் யாருக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். முடியும் வயதை 18 என்று போட்டுத்தான் தருவார்கள். 2018 டிசம்பர் 15இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை மேற்படிப்போ பயிற்சியோ முடிக்கும்வரை கேட்கலாம். அதை எழுதச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் இருவர் பேரிலும் இருந்தால், "கடனை அவரே கட்டுவார்" என்று நீதிமன்ற உத்தரவில் இருந்தாலும் பேங்க் அதற்குக் கட்டுப்படாது. அவர் கட்டாவிட்டால் உங்களையும் தேடி வரும். பெயர் மாற்றமா, விற்பனையா என்பதை பேங்க்கோடு பேசி முடித்த பிறகு மனுவில் எழுதுவதே புத்திசாலித்தனம்.

தனியாகப் போடுவதென்றால் முதலில் பதிவிலாகாவில் திருமண நடுவர் மன்றத்துக்கு விண்ணப்பம். சேர்த்து வைக்க அவர்களுக்கு ஆறு மாதம் வரை அவகாசம். முடியாவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதுதான் உயர்நீதிமன்றத்துக்கு நுழைவுச் சீட்டு. இந்த மன்றத்தில் வக்கீல் ஆஜராகச் சட்டம் அனுமதிக்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் வரலாம். ஆகவே "டிரிபியூனலுக்கு நான் வந்து பேசறேன், தனிக் கட்டணம்" என்று யாராவது சொன்னால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கணவர் வேண்டுமென்றே வராமல் இழுத்தடித்தாலும் நீங்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் போய்க் கையெழுத்துப் போட்டு வாருங்கள். அவர் வராததே உங்கள் சான்றிதழுக்குக் காரணமாகும், நீங்கள் வராதது அல்ல. ஆள் எங்கே என்றே தெரியாது, மூன்று வருஷமோ அதற்கு மேலோ சிறை, வெளிநாட்டில் இருக்கிறார், இப்போதைக்குத் திரும்பமாட்டார் என்பது போன்ற நிலைகளில் மன்றத்திலிருந்து விலக்கு உண்டு.

தனி மனுவில் காசை விழுங்குவது வாதம் அல்ல, மனுவை அவர் கையில் சேர்ப்பது. முகவரி தவறினால் மீண்டும் ஒரு முறை, மீண்டும் ஒரு கட்டணம். கடைசியில் பத்திரிகை விளம்பரம் மூலம் சேர்க்க நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டி வரும், அந்த விளம்பரம் சில நூறு வெள்ளி. ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் முகவரியை நம்பாதீர்கள். இப்போது எங்கே படுக்கிறார், எந்த ஷிப்ட், எந்தக் கேட் வழியாக வெளியே வருவார், சமீபத்துப் படம், வண்டி எண் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் முதல் தடவையிலேயே வேலை முடியும்.

தீர்ப்பு வந்த பிறகும் ஒரு பள்ளம் உண்டு. முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு, டெக்ரி நிசி. பொதுவாக மூன்று மாதம் கழித்து அதை முழுமையாக்க வேண்டும். அந்த முழுத் தீர்ப்பை வாங்காமல் விட்டவர்கள் சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவன் மனைவிதான். வருஷங்கள் கழித்து மறுமணப் பதிவுக்குப் போய் நிற்கும்போது தெரியவரும்.

"காசில்லாதவளுக்குப் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள்" என்ற மிரட்டலுக்குப் பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு: நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலன். ஏழு வயதுக்குக் கீழே தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் தொடக்க அனுமானம் வைத்திருக்கிறது. மறுதரப்பு அதை முறியடிக்கலாம், ஆனால் சம்பளச் சீட்டை மட்டும் காட்டி அல்ல. கணவர் மதம் மாறிவிட்டால் சிவில் வழக்கு போடவே முடியாது என்பதும் தப்பு. 2018 திருத்தத்துக்குப் பிறகு இருவரில் யார் வேண்டுமானாலும் உயர்நீதிமன்றத்தில் மனுப்போடலாம். பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும் என்று அதே வருஷம் ஜனவரியில் இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குப் பாதை முழுக்க ஷரியா நீதிமன்றம் வழி. ஜே.பி.ஜி. அதற்கும் உதவும். நஃப்கா, அதாவது பராமரிப்புத் தொகை, உத்தரவு வாங்கியும் பணம் வரவில்லை என்றால் ஷரியா நீதித்துறையின் குடும்ப ஆதரவுப் பிரிவு, பாஹாகியான் சொக்கோஙான் கெலுவார்கா, அதை அமல்படுத்தக் கைகொடுக்கும். இப்படி ஒரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது.

இலவச வக்கீல் எங்கே

மூன்று பெயர்கள் ஒன்றுபோலவே இருப்பதால் ஆட்கள் தவறான வரிசையில் அரைநாள் நிற்கிறார்கள். யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், அதாவது தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை, 2012இல் சேவையைத் தொடங்கியது. அது குற்ற வழக்குகளுக்கு: கைது, தடுப்புக்காவல், ஜாமீன். விவாகரத்துக்கு அங்கே போகாதீர்கள். குடும்ப வழக்குக்கு அரசாங்கத்தின் ஜபாத்தான் பந்துவான் குவாமான், அதாவது ஜே.பி.ஜி. 1971ஆம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டத்தில் இயங்குவது. இது முதல். இரண்டாவது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம். தீபகற்ப மலேசியாவின் பல மாநிலங்களில் உண்டு, பினாங்கிலும் இருக்கிறது. தீபகற்பத்திலுள்ள வக்கீல்கள் ஆளுக்கு வருஷம் 100 வெள்ளி போடும் நிதியில் நடக்கிறது.

இரண்டிலும் வருமானச் சோதனை உண்டு. வரம்பு அவ்வப்போது மாறும், பிள்ளைகள், வாடகை எல்லாம் பார்ப்பார்கள். ஆகவே பக்கத்து வீட்டில் "உனக்குக் கிடைக்காது" என்று சொன்னதை வைத்து வீட்டிலேயே உட்காராமல், கேட்டே தெரிந்துகொள்ளுங்கள். கொண்டுபோக வேண்டியவை: ஐசி, திருமணச் சான்றிதழ், பிள்ளைகள் பிறப்புப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் அறிக்கை, இபிஎஃப் அறிக்கை, வாடகை ஒப்பந்தம், கரண்ட் தண்ணீர் பில். சம்பளச் சீட்டு இல்லாத வீட்டுவேலை, கடைவேலை என்றால் முதலாளியிடம் ஒரு கடிதம். எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும். உங்கள் எதிர்த்தரப்பே கணவர்தான் என்பதையும், அவரிடமிருந்து மாதம் உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது, அல்லது வருவதே இல்லை என்பதையும் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் சம்பளமும் குடும்ப வருமானம் என்று எண்ணப்படும் ஆபத்து உண்டு. கணவர் ஏற்கெனவே அதே மையத்தில் ஆலோசனை வாங்கியிருந்தால் உங்களை எடுக்க முடியாமல் போகலாம். அப்போது மற்றதற்குப் போங்கள்.

இலவசம் என்பது வக்கீல் கூலிக்குத்தான். தாக்கல் கட்டணம், சத்தியப் பிரமாண ஆணையருக்குக் கொடுப்பது, மனுவைச் சேர்க்கும் செலவு, விளம்பரம் ஆகியவை உங்கள் கையிலிருந்து போகலாம். எது யார் கணக்கு என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். திருமணச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புப் பத்திரத்தில் வேறொன்று, ஐசியில் மூன்றாவது. ஒன்றில் தகப்பன் பெயரையே காணோம். இப்படியிருந்தால் மனு திரும்பி வரும். போகுமுன் எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் அதை முதலிலேயே வக்கீலிடம் காட்டுங்கள்.

இரண்டு இடத்திலும் வருமானம் கொஞ்சம் கூடிப்போய், தனி வக்கீலுக்கும் காசு போதாது என்ற நடு நிலைமைதான் மிகவும் கஷ்டம். அவர்கள் முழு வழக்கையும் ஒப்படைக்காமல் துண்டாக வாங்கலாம்: சம்மத மனுவை மட்டும் படித்துப் பார்க்க ஒரு மணி நேரம், அல்லது மனு எழுதித் தர மட்டும். கட்டணத்தைக் காகிதத்தில் கேளுங்கள். கூலி எவ்வளவு, கைச்செலவு எவ்வளவு, எத்தனை விசாரணை வரை இந்தத் தொகை, தவணை உண்டா. "ஜெயித்தால் சொத்தில் பத்து சதவீதம்" என்ற பேரம் இங்கே சட்டவிரோதம். வக்கீல் அல்லாத ஏஜென்டுகள் "மூவாயிரத்தில் முடிச்சித் தரேன்" என்று வருவார்கள். ஆளின் பெயரை வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் முன்பணமும் இல்லை.

யாருமே கிடைக்காவிட்டால் நீங்களே உங்கள் வழக்கை நடத்தலாம், சட்டம் தடுக்கவில்லை. மின் தாக்கலுக்கு நீதிமன்றத்திலுள்ள சேவை முகப்பில் காகிதத்தைக் கொடுத்தால் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றித் தருவார்கள். ஆவணங்கள் மலாயில் இருக்க வேண்டும், தமிழில் உள்ள எதையும் மொழிபெயர்த்துச் சான்று வாங்க வேண்டும். பேசுவதற்கு மட்டும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். விசாரணை அன்று காலையில் கேட்காதீர்கள், தேதி கொடுக்கும்போதே சொல்லுங்கள். இல்லையென்றால் "ஆள் இல்லை" என்று வேறு தேதி கொடுப்பார்கள், நீங்கள் இன்னொரு நாள் சம்பளத்தை இழந்து மறுபடி ஃபெரி ஏற வேண்டும்.